கரையும் கல்லில் ஒரு புனித மலை

கிழக்கு மியான்மரில் கயின் மாநிலத்தின் தலைநகர் பா-ஆன். சல்வீன் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நெல்வயல்தான். அந்த வயல்களின் நடுவே, அடிவாரச் சரிவு என்று எதுவும் இல்லாமல், நேர்செங்குத்தாக எழும்பி நிற்கின்றன சுண்ணாம்புக்கல் மலைகள். அவற்றில் பெரியது ஸ்வெகபின். உயரம் ஏறத்தாழ 720 மீட்டர். உச்சியில் ஒரு பௌத்த மடமும் பொன்முலாம் பூசிய பகோடாவும் இருக்கின்றன. கயின் மக்களுக்கு இது வெறும் மலையல்ல, தங்கள் மண்ணின் அடையாளம். அடிவாரத்து லும்பினி தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தர் சிலைகள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன.

ஸ்வெகபினைச் சுற்றியுள்ள குன்றுகளும் அப்படியே. காவ்குன், சடான், பயின்ஞீ என்று பெயர் பெற்ற குகை ஒவ்வொன்றிலும் புத்தர் இருக்கிறார். ஒரு வட்டாரத்தில் இத்தனை குகைகள் எப்படி வந்தன? ஊர் இருக்கும் சமவெளி தட்டையாகவும் மலை மட்டும் சுவர் போலவும் இருப்பது ஏன்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். இது கரையும் கல். மனிதர்கள் இங்கே வழிபட வந்ததற்கும், வேறெங்கும் இல்லாத உயிர்கள் இங்கே குடியிருப்பதற்கும், இன்று இந்த மலைகளை டைனமைட் தேடி வருவதற்கும் அந்தக் கல்லே காரணம்.

பனிக்கண்டத்தின் ஓரத்திலிருந்து

முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த நிலம் இங்கே இல்லை. தெற்கே, கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் வடக்கு விளிம்பில், இன்றைய ஆஸ்திரேலியாவின் வடமேற்குப் பகுதியை ஒட்டி இருந்தது. அப்போது இந்தியாவும் அதே கண்டத்தின் ஒரு பகுதிதான். கண்டத்தின் பல பகுதிகளைப் பனிப்பாளங்கள் மூடியிருந்தன. பாளங்கள் உடைந்து கடலில் மிதந்து உருகும்போது, அவை சுமந்து வந்த கூழாங்கற்கள் கடலடிச் சேற்றில் விழுந்து புதைந்தன. தெற்கு மியான்மர், தாய்லாந்தின் புக்கெட் பகுதிகளில் அந்தச் சேறு இன்றும் கல்லாகக் கிடக்கிறது. வெப்பமண்டலத்தின் நடுவே பனிக்கடலின் படிவம்.

பெர்மியன் காலத்தின் முற்பகுதியில், சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அந்த விளிம்பு ஒரு நீண்ட துண்டாகப் பிய்ந்து வடக்கே நகரத் தொடங்கியது. இயன் மெட்காஃப் என்ற புவியியலாளர் அந்தத் துண்டுக்கு சிபுமாசு என்று பெயரிட்டார். இன்றைய மியான்மரின் கிழக்குப் பகுதி, தாய்லாந்தின் மேற்குப் பகுதி, மலேசியத் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி, சுமத்ராவின் ஒரு பகுதி ஆகியவை அதில் அடங்கும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அதைச் சூழ்ந்த கடல் வெதுவெதுப்பானது. ஆழமற்ற, வெளிச்சம் நிறைந்த அந்தக் கடலில் பவளங்களும் கடல் அல்லிகளும் ஃபுசுலினிட் என்ற நுண்ணுயிர்களும் பெருகின. அவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதே இன்றைய மோல்மேன் சுண்ணாம்புக்கல். அன்றைய ரங்கூன் கப்பல் காலத்திலிருந்து தமிழர் குடியேறி வாழ்ந்துவரும் அதே மோல்மேன்தான். பா-ஆனுக்குத் தெற்கே, சல்வீனின் கழிமுகத்தில் இருக்கிறது.

டிரையாசிக் காலத்தில் சிபுமாசு ஆசியாவோடு வந்து மோதியது. கடலடியில் கிடந்த சுண்ணாம்புக்கல் மடிந்து, உடைந்து, மேலே தூக்கப்பட்டது. அதன் பிறகு வேலையை மழை எடுத்துக்கொண்டது.

மழை குடைந்த வீடு

நம் ஊர்ச் சமணக் குகைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மலை புதிதாக இருக்கும். யானைமலையும் சித்தன்னவாசலும் கிரானைட், நைஸ் வகைப் பாறைகள். நீர் அவற்றைக் கரைக்காது. அங்கே துறவிகள் தங்கியது பிதுங்கி நிற்கும் பாறையின் அடியிலுள்ள ஒதுக்கிடங்களில். மழைநீர் பாறையில் வழிந்து உள்ளே வந்துவிடாமல் தடுக்க, மேல்விளிம்பில் உளியால் காடி வெட்டி நீரை விலக்கிவிட்டார்கள். பா-ஆனில் கதை நேரெதிர். குகையை வெட்டியதே நீர்தான்.

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். சுத்தமான நீரில் இது அதிகம் கரைவதில்லை, லிட்டருக்கு 14 மில்லிகிராம் அளவுதான். ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கதை மாறிவிடுகிறது. காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம். வெப்பமண்டல மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் அது சில சதவீதம்வரை உயரும். அந்த வாயுவைக் கரைத்துக்கொண்ட நீர் மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. இப்போது அதே ஒரு லிட்டர் 200 மில்லிகிராமுக்கும் மேல் கல்லைக் கரைத்துவிடும். மலைமேல் காடு இருந்தால்தான் மண்ணில் அமிலம் ஊறும், அமிலம் ஊறினால்தான் குகை வளரும். மரங்கள் மலையைப் போர்த்தியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது, உண்மையில் அவை அதைக் கரைத்துக்கொண்டிருக்கின்றன.

எவ்வளவு கரையும் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மோல்மேன் பகுதியில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, சென்னையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அதில் பாதி, அதாவது இரண்டு மீட்டர் நீர், கல்லுக்குள் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு 2,000 லிட்டர். லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றால் 400 கிராம் கல் போகிறது. பாறையின் அடர்த்தியால் வகுத்தால், ஆண்டுக்கு 0.15 மில்லிமீட்டர். ஒரு மனித ஆயுளில் ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் ஆயிரம் ஆண்டில் 15 சென்டிமீட்டர், பத்து லட்சம் ஆண்டில் 150 மீட்டர். மலையைத் தேய்க்க வேறு எதுவும் வேண்டாம்.

இந்தத் தேய்மானம் எங்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. விரிசல் இருக்கும் இடத்தில் நீர் முதலில் இறங்குகிறது. இறங்கிய வழி அகலமாகிறது, அகலமான வழியில் இன்னும் அதிக நீர் பாய்கிறது. இப்படித்தான் மயிரிழை விரிசல் சுரங்கமாகிறது. மலையடிவாரத்தில் இன்னொரு வேலை நடக்கிறது. மழைக்காலத்தில் சமவெளி முழுவதும் வெள்ளம் நிற்கும். இலை, சருகு, சேறு எல்லாம் அழுகி அமிலமேறிய அந்த நீர், மலையின் பாதத்தைக் கிடைமட்டமாக அரிக்கிறது. அடிப்பாறை உள்வாங்க, மேலே இருப்பது பிடிப்பின்றி உடைந்து விழுகிறது. அதனால்தான் சரிவே இல்லாமல் சுவராக நிற்கிறது மலை. பா-ஆன் அருகே கியாவ்க் கலாட் என்ற ஒற்றைக் கல்தூண் குளத்தின் நடுவே நிற்கிறது. அடி குறுகி, இடை பிதுங்கி, தலையில் ஒரு பகோடாவைச் சுமந்தபடி இந்த இயக்கத்தை அப்படியே கண்முன் காட்டுகிறது. வழிபாட்டுக் குகைகள் பலவும் வயல் மட்டத்திலேயே வாய் திறந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆறு தந்தங்கள் கொண்ட யானையாகப் புத்தர் பிறந்த ஜாதகக் கதையோடு தொடர்புபடுத்தப்படும் சடான் குகையில் இன்றும் நீர் வேலை செய்வதைப் பார்க்கலாம். மலையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரலாம். திரும்பும்போது படகில் ஏறித் தாழ்வான குகைவழியே வர வேண்டும். மழைக்காலத்தில் நீர் ஏறிவிடும், குகையைக் கடக்க முடியாது.

கரைந்த கல் எங்கே போகிறது? கணிசமான பங்கு சல்வீனோடு கடலுக்குப் போய்விடும். ஒரு பங்கு மட்டும் குகைக்கூரையில் துளியாகத் தொங்கும். குகைக்காற்றில் மண்ணிலுள்ள அளவு கரியமில வாயு இல்லை. துளியிலிருந்து வாயு பிரிந்துவிடுகிறது, கல்லைப் பிடித்து வைத்திருக்கும் சக்தியை நீர் இழக்கிறது. மெல்லிய வெள்ளைப் படிவு கூரையில் ஒட்டிக்கொள்கிறது. கல்விழுது உருவாகும் வழி இதுதான். கீழே விழுந்த துளி தரையிலிருந்து கல்முளையை எழுப்புகிறது. வளர்ச்சி ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கல்முளையை நெடுக்காக அறுத்தால் அடுக்குகள் தெரியும். அதிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்து பழைய பருவமழையின் போக்கையும், யுரேனியம்-தோரியம் விகிதத்தை வைத்துச் சுமார் ஆறு லட்சம் ஆண்டுவரை வயதையும் சொல்லிவிடலாம். தென்மேற்குப் பருவமழையின் பழங்கணக்கை எழுதி வைத்திருப்பவை ஆசியாவின் குகைகளே. ஒரு கல்முளையை உடைத்து வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோனால் போவது அந்தக் கணக்கு.

இருட்டின் குடிமக்கள்

பிக்குகள் தங்கலாம் என்று பௌத்தத் துறவு விதியான விநயம் அனுமதிக்கும் ஐந்து வகை உறைவிடங்களில் குகையும் ஒன்று. அதற்கு இயற்பியல் காரணமும் உண்டு. குகையின் உட்பகுதி அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையிலேயே நிற்கும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே 26, 27 டிகிரிதான். காற்று அசையாது, ஓசை நுழையாது.

பா-ஆன் வட்டாரத்து வழிபாட்டுக் குகைகளில் பழமையானது காவ்குன். ஏழாம் நூற்றாண்டுவரை பின்னோக்கிச் செல்லும் வழிபாட்டிடமாக இது கருதப்படுகிறது. இதன் சுவரிலும் கூரையிலும் உள்ளங்கை அளவு சுடுமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு புத்தர். மேலே அண்ணாந்து பார்த்தால் பாறை எது, பலகை எது என்று பிரிக்க முடியாது. சற்றுக் கூர்ந்து பார்த்தால் பலகைகளுக்கு இடையிலுள்ள விரிசலில் வேறொரு குடியிருப்பும் தெரியும்.

வளைவிரல் பல்லிகள் அங்கே வாழ்பவை. நம் வீட்டுச் சுவர்ப்பல்லியின் விரலடியில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் உண்டு. கண்ணாடியில்கூட ஏறிவிடும். வளைவிரல் பல்லிக்கு அது கிடையாது. அதற்குப் பதில் மெலிந்த விரல்கள், நடுவில் மேல்நோக்கி மடிந்து, நுனியில் கூரிய நகத்தோடு முடிகின்றன. சொரசொரப்பான பாறை விளிம்பை அந்த நகம் கவ்விக்கொள்ளும். பகலில் விரிசலுக்குள் உடலைத் தட்டையாக்கிக் கிடந்து, இருட்டியதும் வெளியே வந்து பூச்சி பிடிக்கும். சிர்ட்டோடாக்டைலஸ் என்ற இந்தப் பேரினத்தில் 300-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு.

அமெரிக்காவின் லா சியரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ கிரிஸ்மரும் மியான்மர் ஆய்வாளர்களும் சேர்ந்து இந்நாட்டின் சுண்ணாம்புக்கல் மலைகளில் இரவு இரவாகத் தேடினார்கள். 2018-ல் வெளியான ஒரே ஆய்வுக்கட்டுரையில் அவர்கள் விவரித்த புதிய வளைவிரல் பல்லிச் சிற்றினங்கள் பன்னிரண்டு. அவற்றில் பலவும் ஒரே ஒரு மலையில், சில நேரம் ஒரே ஒரு குகையை ஒட்டி மட்டும் கிடைத்தவை. பெயரே அதைச் சொல்லும். லின்னோ குகையின் பல்லி லின்னோவென்சிஸ், சடான் குகையின் பல்லி சடானென்சிஸ்.

பக்கத்து மலைக்கும் இந்த மலைக்கும் இடையில் சில கிலோமீட்டர் வயல்தானே, பல்லி கடந்து போகாதா? போகாது. விரிசலும் கூர்விளிம்பும் நிழலும் கொண்ட கல்லுக்காகவே அமைந்த உடல் அது. வெயில் காயும், வெள்ளம் நிற்கும் வயல் அதற்குக் கடல். பாறை அரிபட்டு மலைகள் ஒன்றையொன்று பிரிந்தபோது அதில் இருந்த உயிர்களும் பிரிந்தன. ஓட்டுக்குச் சுண்ணாம்பு தேவைப்படும் நத்தைகளுக்கு இது இன்னும் பொருந்தும். கடுகளவு நத்தை ஒன்றுக்குக் குன்றே உலகம். உயிரியலாளர்கள் இத்தகைய மலைகளைத் தீவுகளாகக் கணக்கிடுவது இதனால்தான்.

வௌவால் விவசாயம்

லின்னோ என்றால் பர்மிய மொழியில் வௌவால். சல்வீன் கரையில் இருக்கும் அந்தக் குகையின் வாயில் பொழுது சாயும் நேரத்தில் நின்றால், வௌவால்கள் கரும்புகை இழையாகப் பிரிந்து ஆற்றின் மேல் நீண்டுபோவதைக் காணலாம்.

தென்கிழக்காசியக் குகைகளில் லட்சக்கணக்கில் கூடும் சுருக்க உதட்டு வௌவால் நெல்வயலுக்கு மேலே உயரப் பறந்து பூச்சி தின்னும். அதன் உணவில் முக்கியமானது தத்துப்பூச்சி. நம் விவசாயிகள் புகையான் என்று அஞ்சும் பூச்சியின் உறவு இது. வெண்முதுகுத் தத்துப்பூச்சியை மட்டும் கணக்கில் எடுத்து 2014-ல் தாய்லாந்துக்கு ஒரு மதிப்பீடு வெளியானது. இந்த ஒரு வௌவால் இனம் இந்த ஒரு பூச்சியைத் தின்பதால் ஆண்டுக்கு 2,900 டன்னை ஒட்டிய நெல் இழப்பு தடுக்கப்படலாம். பணமாகச் சொன்னால் 12 லட்சம் டாலருக்கு மேல். சுமார் 26,000 பேரின் ஓராண்டுச் சோறு.

வௌவால் திரும்பி வரும்போது வயலின் சத்தைக் குகைக்குள் சேர்க்கிறது. வெளிச்சமே இல்லாத இடத்தில் செடி வளராது. அங்கே உணவுச்சங்கிலி தொடங்குவது வௌவால் புழுக்கையிலிருந்துதான். பூஞ்சை அதில் வளர, கரப்பானும் வண்டும் குகைப்பூச்சியும் அதைத் தின்ன, அவற்றைச் சிலந்தியும் பூரானும் வேட்டையாடுகின்றன. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அதே புழுக்கையை மூட்டை கட்டி வயலுக்கு எருவாகக் கொண்டுபோகிறார்கள் மக்கள். எருவை அள்ளுவதில் தவறில்லை. வௌவால் குட்டி ஈன்று வளர்க்கும் காலத்தில் உள்ளே போய்க் கலைத்துவிட்டால் மட்டும் கூட்டமே இடம்பெயரும், அல்லது குட்டிகள் தரையில் விழுந்து சாகும்.

உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்றும் இந்த மலைகளில்தான் வாழ்கிறது. கிட்டியின் பன்றிமூக்கு வௌவால். நீளம் மூன்று சென்டிமீட்டர், எடை இரண்டு கிராம். ஒரு ரூபாய் நாணயம்கூட இதைவிடக் கனம். தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா இதைக் கண்டறிந்தார். 1974-ல் அவர் இறந்த பிறகு, அதே ஆண்டில் ஜான் ஹில் இதை விவரித்து அவர் பெயரையே சூட்டினார். தாய்லாந்தில் மட்டுமே உண்டு என்று கருதப்பட்டது 2001-ல் மியான்மரின் கயின், மோன் மாநிலச் சுண்ணாம்புக்கல் குன்றுகளிலும் அறியப்பட்டது. அந்தியில் அரை மணி நேரம், விடியலில் அதற்கும் குறைவு, அவ்வளவுதான் அதன் வேட்டை நேரம். மீதி நேரமெல்லாம் குகைக்கூரையில் தொங்கும். குகையை எடுத்துவிட்டால் அதற்கு வேறு வீடு இல்லை.

சிமெண்ட் மூட்டைக்குள் ஒரு மலை

சிமெண்டுக்கு வேண்டிய மூலப்பொருளும் இதே கல்தான். சூளையில் 1,450 டிகிரிவரை சூடேற்றும்போது கால்சியம் கார்பனேட்டிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடும். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலுயிர்கள் கட்டிப்போட்ட வாயு சில மணி நேரத்தில் காற்றில் கலக்கிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமெண்டின் பங்கு 7 முதல் 8 சதவீதம். சமவெளியிலிருந்து சுவராக எழும் குன்று குவாரிக்காரருக்கு வசதி. தோண்ட வேண்டியதில்லை, வெடி வைத்தால் கல் தானே கீழே விழும். அரியலூரில் சுரங்கம் கீழ்நோக்கிப் போகிறது, இங்கே மலையே இறங்கிவிடுகிறது. பா-ஆன் வட்டாரத்திலும் சிமெண்ட் ஆலை உண்டு.

மலை போனால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவின் பகாங் மாநிலத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. குவாந்தான் அருகே புக்கிட் பஞ்சிங் என்ற தனிக்குன்று. பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம் என்ற சிறு நத்தை அந்த ஒரு குன்றில் மட்டுமே வாழ்ந்தது. குவாரி அந்தக் குன்றை முழுவதும் தின்றுவிட்டது. நத்தை இன்று அழிந்துபோன இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு குன்று புக்கிட் சாராஸ். அதன் குகையில் சயன புத்தர் சிலை இருக்கிறது, வழிபாடு நடக்கிறது. அந்தக் குன்று இன்னும் நிற்கிறது.

இந்த இரண்டு குன்றுகளை வைத்து மட்டும் விதி எழுதிவிட முடியாது. ஆனால் கோயிலும் பகோடாவும் இருக்கும் மலையில் வெடி வைக்க நிறுவனங்கள் தயங்குகின்றன என்பது தென்கிழக்காசியா முழுக்கக் காணக்கூடியது. பல்லிக்காக நிறுத்தப்படாத குவாரி புத்தருக்காக நிற்கிறது.

பக்தியின் எல்லை

அதற்காக வழிபாட்டிடம் தானாகவே சரணாலயமாகிவிடாது. குகைக்குள் இரவு பகலாக எரியும் மின்விளக்கைச் சுற்றிப் பாசியும் பெரணியும் முளைக்கின்றன. அவை விடும் அமிலம் கல்விழுதைப் பச்சையாக்கி அரிக்கிறது. ஊதுபத்திப் புகையும் மெழுகுவத்திக் கரியும் கூரையில் படிகின்றன. தரைக்குச் சிமெண்ட் பூசினால் புழுக்கையை நம்பிய உயிர்கள் போய்விடும். திருவிழாவின் ஒலிபெருக்கி வௌவாலை விரட்டிவிடும். மலையைக் காப்பாற்றிய அதே பக்தி குகையின் உள்ளே இருப்பதைக் கொல்லவும் முடியும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. குறைந்த வெப்பம் தரும் விளக்கை ஆள் வரும்போது மட்டும் எரியவிடலாம். முன்கூடத்தை வழிபாட்டுக்கும் உட்கூடத்தை வௌவாலுக்கும் விடலாம். தரையை மண்ணாகவே வைத்திருக்கலாம். இதைச் செய்யக்கூடியவர்கள் மடத்துப் பிக்குகளும் ஊர் மக்களும்தான். குகையின் சாவி இன்றும் அவர்கள் கையில் இருக்கிறது.

புத்தர் இல்லாத குன்றுகளுக்கு அந்தக் காவலும் கிடையாது. அங்கேதான் சட்டம் வர வேண்டும். குவாரி உரிமம் தரும்போது ஒரு குன்றில் எத்தனை கோடி டன் கல் இருக்கிறது என்று அளக்கிறார்கள். அதில் என்ன வாழ்கிறது என்று அளந்த பிறகே உரிமம் என்று வைத்தால் போதும், பாதிச் சிக்கல் தீரும். சுண்ணாம்புக்கல் பூமியில் ஏராளம். மண்ணுக்கு அடியில் படுகையாகக் கிடக்கும் கல்லிலிருந்தும் சிமெண்ட் செய்யலாம். ஒரு குன்றில் மட்டும் வாழும் பல்லியை வேறு குன்றில் செய்ய முடியாது. காடு வெட்டினால் மறுபடி வளர்க்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழியுண்டு. சுண்ணாம்புக்கல் மலைக்கு அந்தச் சமாதானமும் இல்லை. ஒருமுறை இடித்தால் இடித்ததுதான்.